சனி, ஞாயிறு மட்டும்: ஒரு டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையத்தில் பகுதிநேர ஆசிரியராக இரண்டு ஆண்டுகள்

போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களைப் பற்றி மாணவர்கள் எழுதிய மதிப்புரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மின்விசிறி சுற்றுகிறதா, மெட்டீரியல் தருகிறார்களா, சென்ற முறை எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்பதையெல்லாம் அவற்றிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஆனால் அதே மையத்தில் பகுதிநேரமாகப் பாடம் எடுக்கலாமா என்று யோசிப்பவருக்கு வேண்டிய செய்தி எங்கும் அகப்படுவதில்லை. மதுரையில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் ஒரு மையத்தில் 2023 ஆகஸ்ட் முதல் 2025 ஜூலை வரை சனி, ஞாயிறுகளில் நான் திறனறிவுப் பாடம், அதாவது போட்டித் தேர்வுக் கணக்கு, எடுத்தேன். வார நாட்களில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. முதுநிலைக் கணிதம் படித்து, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 2 தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டாம் முறை முதன்மைத் தேர்வு வரை போய்த் திரும்பியவன் நான். இத்தகைய மையங்களில் பாடம் எடுப்பவர்களில் என்னைப் போலக் கரைக்கு அருகில் வந்து திரும்பியவர்களே பாதிக்கு மேல் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். மையத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நான் விசாரித்துப் பார்த்த வேறு மூன்று இடங்களிலும் நடைமுறை ஏறத்தாழ இப்படியே இருந்ததால், ஒரு பெயரை மட்டும் எடுத்துச் சொல்வது நியாயமாகாது.

சேர்வது எளிது. அங்கே வரலாறு நடத்திக்கொண்டிருந்த நண்பர் என் கைபேசி எண்ணைக் கொடுத்தார்; மறுநாளே டெமோ வகுப்புக்கு அழைப்பு வந்தது. நாற்பது மாணவர்கள் முன்னிலையில் காலமும் வேலையும் என்ற பகுதியை இருபது நிமிடம் நடத்தினேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பொறுப்பாளர் முடிவில் கேட்டவை இரண்டே கேள்விகள்: குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்த முடியுமா, இதே கணக்குக்கு ஷார்ட்கட் ஏதேனும் இருக்கிறதா. மணிக்கு 400 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. அதுவே நியமன ஆணை. படிப்புச் சான்றிதழைக் கேட்டது ஐந்து, ஆறு மாதம் கழித்துத்தான். பட்டப்படிப்புக்குக் குறைந்த தகுதி உடையவரைப் பயிற்றுநராக அமர்த்தக் கூடாது என்று 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இருந்ததை யாரோ அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஊதியத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், திறனறிவு ஆசிரியருக்கு அங்கே என்ன இடம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் போன்ற பணிகளுக்கான குரூப் 4 தேர்வு மூன்று மணி நேரம். 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அவற்றில் 100 வினாக்கள் தமிழுக்கும் 75 பொது அறிவுக்கும் உரியவை. எஞ்சிய 25 மட்டுமே திறனறிவு. பொது ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து எழுதும் வழி முன்பு இருந்தது. 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பின் தமிழ் கட்டாயமாகி, அதில் 150-க்கு 60 மதிப்பெண்ணாவது எடுக்காதவர் தரவரிசைக்கே வரமாட்டார் என்றானது. அன்றிலிருந்து மையங்களில் தமிழாசிரியரே மூலவர். நாங்கள் எல்லாரும் பரிவார தெய்வங்கள். என் மையத்தில் தமிழ் நடத்தியவருக்கு மணிக்கு 700 ரூபாய் கொடுத்தார்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை. வாரத்துக்கு நான்கு ஊர்களில் வகுப்பெடுத்து, இரவுப் பேருந்திலேயே தூங்கி எழுந்து வருகிற மனிதர் அவர்.

ஆனால் 180 நிமிடத்தை 200 வினாக்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 54 நொடிதான் கிடைக்கிறது. சொற்பொருள் கேட்கும் வினாவைப் பத்துப் பதினைந்து நொடியில் முடித்துவிடலாம். கூட்டு வட்டியை அப்படி முடிக்க இயலாது. அதனால் தமிழிலும் பொது அறிவிலும் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் கடைசியில் கணக்கில்தான் செலவாகிறது. நன்றாகப் படித்தவர்கள் தமிழில் ஒருவரோடு ஒருவர் நெருங்கி நிற்கும் இந்தத் தேர்வில் அவர்களைப் பிரித்து நிறுத்துவது பெரும்பாலும் இந்த 25 வினாக்களே என்பது என் கணிப்பு. சூத்திரம் சொல்லிக் கொடுப்பது திறனறிவு ஆசிரியரின் வேலையில் பாதிதான். எந்தக் கணக்கைப் பார்த்தவுடன் போட வேண்டும், எதை ஓரத்தில் குறி வைத்துக் கடைசிக்குத் தள்ள வேண்டும், எதை விடைகளிலிருந்து பின்னோக்கிச் சரிபார்க்க வேண்டும் என்று கண்ணைப் பழக்குவது மற்றப் பாதி. அந்தப் பழக்கத்தைக் கரும்பலகையால் உண்டாக்க முடியாது. வாராவாரம் நடத்தும் மாதிரித் தேர்வுதான் அதை உண்டாக்கும். என் மனக்குறையும் அந்த மாதிரித் தேர்விலிருந்தே தொடங்குகிறது.

மையத்தில் என் கால அட்டவணை இப்படி இருந்தது: சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை பாடம், ஞாயிறு காலை 9.30 முதல் 12.30 வரை டெஸ்ட் பேட்ச் மாணவர்களுக்கு மாதிரித் தேர்வு. பிற்பகல் 2 முதல் 4 வரை விடை விளக்கம். ஊதியம் பாடத்துக்கும் விளக்கத்துக்கும் மட்டுமே, அதாவது வாரத்துக்கு நான்கு மணி நேரத்துக்கு 1,600 ரூபாய். தேர்வின்போது அறையில் நிற்கும் மூன்று மணி நேரம் கணக்கில் வராது. 'சும்மா மேற்பார்வைதானே' என்பார்கள். அந்தத் தேர்வுக்கு 25 வினாக்களைப் புதிதாக ஆக்கி, விடைக்குறிப்போடு தட்டச்சு செய்து வியாழன் இரவுக்குள் அனுப்புவதும் கணக்கில் வராது. எனக்கு அது ஏழு மணி நேர வேலை. ஆக, வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம் உழைத்து வாங்கிய 1,600 ரூபாயை வகுத்தால் மணிக்கு 114 ரூபாய் ஆகிறது. கணக்கு வாத்தியாரே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஆறு மாதம் ஆயிற்று என்று வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

இருபத்தைந்து வினாவுக்கு ஏழு மணி நேரமா என்று நீங்கள் கேட்கலாம். பொறுப்பாளரும் அதையேதான் கேட்டார். ஒரு வினாவை எடுத்துக் காட்டுகிறேன். '12, 15, 18 ஆகிய எண்களால் வகுக்கும்போது ஒவ்வொரு முறையும் மீதி 5 தரும் மிகச் சிறிய எண் எது?' மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு 180. அதனோடு 5-ஐக் கூட்ட 185. விடை கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். சிரமமெல்லாம் தவறான மூன்று விடைகளை அமைப்பதில் இருக்கிறது. 180 என்று ஒன்று வைக்க வேண்டும், ஏனெனில் மீதியைக் கூட்ட மறந்தவர் அதைத் தேடி வருவார். 175 என்று ஒன்று, கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்தவருக்காக. 365 என்று ஒன்று. அந்த எண்ணும் மூன்றாலும் வகுக்க மீதி 5 தருகிறது, ஆனால் மிகச் சிறியது அன்று, ஆகவே வினாவை அவசரமாகப் படித்தவர் அங்கே பிடிபடுவார். மாணவர் எந்த விடையை நிரப்பியிருக்கிறார் என்று பார்த்தாலே அவர் எந்த இடத்தில் வழுக்கினார் என்று எனக்குத் தெரிந்துவிட வேண்டும். வாயில் வந்த மூன்று எண்களைப் போட்டு நிரப்பினால் அந்த வினா மதிப்பெண்ணை அளக்குமே தவிர, மாணவரைப் பற்றி எதையும் சொல்லாது.

இவ்வளவு பார்த்து ஆக்கிய அந்த வினாவிலும் ஓட்டை இருந்தது. ஞாயிறு பிற்பகல் விளக்க வகுப்பில் நான் 185 என்று பலகையில் எழுதிக் கட்டம் கட்டியபோது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருபவர். ஒரு ஜவுளிக் கடையில் விற்பனைப் பிரிவில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுப்புச் சொல்லி வருவார். "சார், அஞ்சைப் பன்னெண்டால வகுத்தாலும் மீதி அஞ்சுதானே சார்? அப்ப மிகச் சின்ன எண் அஞ்சுதான?" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது முற்றிலும் சரி. 5-ஐ 12-ஆல் வகுத்தால் ஈவு பூச்சியம், மீதி 5. 15-க்கும் 18-க்கும் அப்படியே. விடைகளில் 5 இல்லாததால் தேர்வில் யாருக்கும் பாதிப்பில்லை. ஆனாலும் வினா பிழையானது. 'மிகச் சிறிய மூன்று இலக்க எண்' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் ஆக்கிய ஒவ்வொரு வினாவையும் புதன்கிழமை இரவில் அந்தப் பெண்ணின் கண்ணோடு ஒரு முறை படித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஏழு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் அவருக்கு உரியது.

வினாவுக்குத் தனி ஊதியம் வேண்டும் என்று ஓராண்டு கழித்துக் கேட்டேன். பலமுறை பேசிய பிறகு வினா ஒன்றுக்கு 15 ரூபாய் என்று ஒப்புக்கொண்டார்கள். வாரத்துக்கு 375 ரூபாய் கூடியது. மணிக்கு 141 ரூபாய் ஆயிற்று. இது கஞ்சத்தனத்தால் வருவது என்று எனக்குத் தோன்றவில்லை. வகுப்பறையில் ஆசிரியர் நிற்பது மாணவர் கண்ணுக்குத் தெரிகிறது. கட்டணம் கொடுத்தவர் அதைப் பார்த்துத் திருப்தி அடைகிறார். வினாத்தாள் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததற்கு யார்தான் காசு கொடுப்பார்?

காசு கொடுக்காததன் விளைவை 2025 மார்ச்சில் கண்ணால் பார்த்தோம். நிறுவனத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம் என்பதால் அந்த வாரம் என்னால் வினா அனுப்ப இயலவில்லை. முன்கூட்டியே சொல்லியும் இருந்தேன். அலுவலகத்தில் இருந்தவர் டெலிகிராமில் உலவிய ஏதோ ஒரு பி.டி.எஃப்-இலிருந்து 25 வினாக்களை எடுத்து ஒட்டி, அதிலிருந்த விடைக்குறிப்பையும் அப்படியே ஏற்றிவிட்டார். '6 பேர் 12 நாட்களில் முடிக்கும் வேலையை 8 பேர் எத்தனை நாட்களில் முடிப்பார்கள்?' என்பது அவற்றில் ஒன்று. ஆட்கள் கூடினால் நாட்கள் குறையும். 6-ஐயும் 12-ஐயும் பெருக்கி 8-ஆல் வகுக்க 9 வரும். விடைக்குறிப்பிலோ 16 என்று இருந்தது; எதிர் விகிதத்தை நேர் விகிதமாகப் போட்ட யாரோ ஒருவரின் விடை. வட்டங்களை நிரப்பிய விடைத்தாள்களை (ஓ.எம்.ஆர்.) ஸ்கேன் செய்யும் மென்பொருளுக்குக் கணக்கு தெரியாது. 9-ஐ நிரப்பிய அத்தனை பேருக்கும் ஒன்றரை மதிப்பெண் போயிற்று. நான் பிற்பகல் வகுப்புக்குப் போவதற்குள் தரவரிசைப் பட்டியல் குழுவில் வந்துவிட்டது. "எட்டுப் பேர் சேர்ந்தால் வேலை தாமதமாகுமா?" என்று நான் பலகை முன் நின்று கேட்டபோது, ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகக் கணினி இயக்குநராக இருந்த மாணவர், "எங்க ஆபீஸ்ல அப்படித்தான் சார் ஆகும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால் வகுப்பு தப்பித்தது. ஆனால் திருத்திய பட்டியல் கடைசி வரை வெளிவரவில்லை. அடுத்த டெஸ்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார்கள். தேர்வாணையமே உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு, மறுப்புத் தெரிவிக்க அவகாசம் கொடுத்த பிறகுதான் மதிப்பெண்ணுக்குப் போகிறது. ஒரு மாதிரித் தேர்வுக்கு ஒரு நாள் அவகாசமாவது கொடுத்திருக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தேர்வு நடத்தும் முறையில் அந்த மையத்தைக் குறை சொல்ல முடியாது. நேரத்தை உண்மைத் தேர்வின் நேரத்தோடு பொருத்தி, கறுப்பு மைப் பந்துமுனைப் பேனா மட்டுமே அனுமதித்து, ஆணையத்தின் விடைத்தாளைப் போலவே அச்சிட்ட தாளில் எழுதச் செய்தார்கள். இதன் அருமை பழைய கதை தெரிந்தவருக்கே விளங்கும். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர் அழியும் மையைப் பயன்படுத்தி முறைகேடு செய்தது வெளியே வந்து, 2020 ஜனவரியில் 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்தது. அதையடுத்து வந்த மாற்றங்களில் ஒன்றுதான் விடைத்தாளின் ஐந்தாவது வட்டம்: விடை தெரியாவிட்டால் வெறுமனே விடாமல் 'ஈ'-ஐ நிரப்ப வேண்டும். ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணி எழுதும் கட்டாயமும் அப்போது வந்ததே. தவறான விடைக்குக் கழிவு இல்லாத தேர்வில் 'ஈ'-ஐ நிரப்புவதால் மாணவருக்கு ஒரு லாபமும் கிடையாது. உத்தேசமாக வேறொன்றை நிரப்புவதே புத்திசாலித்தனம். ஆனால் காலியாக விட்டுவிட்டு வருவது மட்டும் கூடவே கூடாது. முதல் மூன்று மாதிரித் தேர்வுகளில் காலி வட்டங்களோடு தாளைக் கொடுத்தவர்கள் பத்தாவது தேர்வில் அப்படிச் செய்யவில்லை. நான் வகுப்பில் தொண்டை வறளச் சொல்லியும் ஏறாததை அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஏற்றின.

மாணவர்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு ஆண்டுகள் நான் அங்கே இருந்ததற்குக் காரணமும் அவர்களே. பெட்ரோல் பங்கில் இரவுப் பணி முடித்து முகம் கழுவிக்கொண்டு நேராக வருபவர், இரண்டு பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு மேலூரிலிருந்து வருபவர், பொறியியல் முடித்து நான்கு ஆண்டுகளாக 'படித்துக்கொண்டே' இருப்பவர் என்று எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். 2023 ஜூலை 15-இல் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்ட பிறகு, வகுப்பு இல்லாத நாட்களில் பலர் காலையிலேயே அங்கே போய் இடம் பிடித்துப் படித்தார்கள். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து படித்துவிட்டு எங்கள் தகரக் கூரைக்கு வரும்போது அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புக்குப் போய்க்கொண்டு, கணக்குக்கு மட்டும் இங்கே பணம் கட்டியவர்களும் இருந்தார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடப் புத்தகங்களையே அடிப்படையாகக் கொள்ளுங்கள் என்று நான் சொன்னதை அவர்கள் ஏற்றுக்கொண்ட அளவுக்கு மையம் ஏற்றுக்கொள்ளவில்லை, ஏனென்றால் மையத்துக்கு விற்க ஒரு மெட்டீரியல் இருந்தது. 'பழைய புக்', 'புது புக்' என்று மாணவர்கள் பிரித்துப் பேசுவதன் பொருளும் எனக்கு அங்கேதான் தெரிந்தது. 2018-இலும் அடுத்த ஆண்டிலும் வந்த புதிய பாடநூல்களோடு, அவற்றுக்கு முந்தைய நூல்களையும் பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கி, இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கிறார்கள்.

பின்னத்தைக் கண்டால் அஞ்சுபவர்களே வகுப்பில் அதிகம். முதல் நான்கு சனிக்கிழமைகளைப் பின்னத்துக்கும் விழுக்காட்டுக்கும் ஒதுக்கினேன். சிலபஸ் எப்போது முடியும் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கேட்டார். எட்டில் ஒன்று பன்னிரண்டரை விழுக்காடு என்பது கேட்ட மாத்திரத்தில் மனத்தில் எழாதவருக்குத் தனிவட்டியும் லாப நட்டமும் மலைபோலத் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன். இந்த ஒரு விஷயத்தில் என்னை என் போக்கில் விட்டார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். வேறு மையங்களில் நாள்வாரியாகப் பாடப்பகுதியை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பகுதிநேரமாகப் போக நினைப்பவர் வேறு எதை மறந்தாலும் பருவகாலக் கணக்கை மறக்கக் கூடாது. 2024 ஜூன் 9 அன்று குரூப் 4 தேர்வு முடிந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு அறை கொள்ளாமல் மாடிப்படியில் நாற்காலி போட்டிருந்தோம். அடுத்த ஞாயிறு பதினோரு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் வர வேண்டாம் என்று செய்தி வந்தது. செப்டம்பர் வரை வகுப்பும் இல்லை, வருமானமும் இல்லை. தேர்வாணையத்தின் ஆண்டுத் திட்டத்தில் அடுத்த தேர்வின் தேதி வந்ததும் மறுபடி பேட்ச் தொடங்கியது. 2024-இல் அறிவிக்கையின்போது 6,244 இடங்கள் இருந்தன. ஏறத்தாழ 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2025 ஏப்ரல் 25-இல் வந்த அறிவிக்கையில் 3,935 இடங்கள் என்று பார்த்தவுடன், பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பலர் பின்வாங்கினார்கள். அந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். இடங்கள் பின்னால் கூட்டப்படுவது உண்டு, ஆனால் பயிற்சி மையத்தின் சேர்க்கை முதலில் வரும் எண்ணைப் பார்த்துத்தான் நடக்கிறது. எங்களில் இருவரின் வகுப்பு மே மாதத்தோடு நிறுத்தப்பட்டது. ஆணையம் வெளியிடும் ஓர் எண் என் சனிக்கிழமையை நிர்ணயிக்கும் என்று சேரும்போது நான் எண்ணியிருக்கவில்லை.

விளம்பரப் பலகையைப் பற்றியும் ஒரு சொல். தேர்ச்சி பெற்றவர்களின் படங்களைப் பெரிதாகப் போட்டு வாசலில் தொங்கவிடுவார்கள். அவர்களில் இருவரை நான் வகுப்பில் பார்த்ததே இல்லை. விசாரித்தால் கடைசி மூன்று மாதிரித் தேர்வுகளை மட்டும் எழுதியவர்கள் என்றார்கள். தேர்ச்சி பெற்ற பின் எழுத்துவழி ஒப்புதல் வாங்காமல் ஒருவரின் பெயரையோ படத்தையோ பயன்படுத்தக் கூடாது, அவர் எந்தப் பயிற்சியில் சேர்ந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்ட பிறகு, பலகையில் 'டெஸ்ட் பேட்ச்' என்ற சொல் முளைத்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு அருகில் போனால் படிக்கலாம். கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் மாணவர்கள் அலுவலகத்துக்குப் போவதற்கு முன் ஆசிரியரிடம்தான் வருவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். இடையில் விலகுபவருக்கு எஞ்சிய காலத்துக்குரிய பணத்தைப் பத்து நாட்களில் தர வேண்டும் என்று மேலே சொன்ன 2024 ஜனவரி வழிகாட்டுதலில் இருக்கிறது. அதை அச்செடுத்து ஒரு மாணவரிடம் நான் கொடுத்தது அலுவலகத்துக்குத் தெரிந்து, இரண்டு வாரம் எனக்கு டீ வரவில்லை. பணம் அவருக்குப் பாதிதான் கிடைத்தது.

ஊதியம் மாதம் பத்தாம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் வந்துவிடும். இதில் அவர்கள் நேர்த்தியானவர்கள். தொழில்முறைக் கட்டணம் என்ற தலைப்பில் 10 விழுக்காடு வரி பிடித்தார்கள், அதுவும் முறையானதே. பிடித்த வரியை நம் பான் எண்ணில் கட்டியிருக்கிறார்களா என்பதை மட்டும் வருமான வரித் துறையின் தளத்திலுள்ள வரிப் பிடித்த விவரத்தில் (அப்போது படிவம் 26ஏ.எஸ்) மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு காலாண்டுத் தொகை விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்க வைத்து, வரி பிடித்ததற்கான சான்றான படிவம் 16ஏ கையில் கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கே இந்தப் பாடு.

கற்பிக்கும் இடமாக அந்த மையத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஊதியம் தரும் இடமாக இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. வேறு நிலையான வருமானம் இருந்து, வாரத்தில் இரண்டு இரவுகளை வினாக்களுக்கு ஒதுக்க முடிகிறவர் தாராளமாகச் சேரலாம். தேர்வுக்குத் தானும் படித்துக்கொண்டே செலவுக்குப் பாடம் எடுக்கலாம் என்று நினைப்பவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும், ஏனென்றால் பிறருக்காக வினா ஆக்கும் நேரம் முழுவதும் சொந்தப் படிப்பிலிருந்துதான் போகும். வரலாறு எடுத்த என் நண்பருக்கு அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் போயின.

2025 ஜூலை 12 தேர்வுக்குப் பின் நான் விலகிக்கொண்டேன். அந்தத் தேர்வின் தமிழ்ப் பகுதி கடினமாக இருந்தது என்ற குறை பரவலாக எழுந்ததால், அடுத்த பேட்சில் தமிழுக்கு வகுப்புகளைக் கூட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. சென்ற மாதம் எனக்கும் அழைப்பு வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதாது, தாளில் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். மையத்தின் முத்திரையோடு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினார்கள். மணிக்கு 450 ரூபாய், சனி ஞாயிறு நான்கு மணி நேரம், வரிப் பிடித்தம் விதிப்படி என்று எல்லாம் தெளிவாக இருந்தன. வினாத்தாளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான்காவது வரிக்குக் கீழே, 'வினா ஒன்றுக்கு 25 ரூபாய். விடைக்குறிப்பை ஆசிரியர் பார்த்து ஒப்புதல் தந்த பின்பே தரவரிசை வெளியிடப்படும்' என்று கையால் எழுதி, கையொப்பமிட்டு, படம் எடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீலக் குறிகள் வந்துவிட்டன. பதில் இன்னும் வரவில்லை.